எடை குறைத்த பள்ளிக்கூடம்

"நூத்தி நாப்பத்தொம்பது" என்றாள் நொரீன், உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் வைத்தபடி.

வெர்லின் ரோஸ்காம்ப் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நேத்து நூத்தி நாப்பத்தேழுன்னு சொன்னியே?"

"நேத்து ரெண்டு பேருக்குக் காய்ச்சல். காய்ச்சல் வந்தாலும் அதுங்க நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான்."

"கெஸ்லர்ல எத்தனை?"

"நூத்தி நாப்பத்தெட்டு. சாப்பிடு, ஆறிடும்."

வெர்லின் சாப்பிடவில்லை. ஒரே ஒரு பிள்ளை. கெஸ்லரைவிட நோர்வினில் ஒரே ஒரு பிள்ளை அதிகம். வேறு ஊராக இருந்தால் இதற்கு மேளம் அடித்திருப்பார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்த மூலையில், அந்தச் செப்டம்பர் மாதத்தில், இதைவிட மோசமான செய்தி கிடையாது.

விஷயம் இதுதான். அக்டோபர் முதல் தேதி மாலை நான்கு மணிக்குப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதுதான் ஒரு பள்ளியின் அளவு. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் எல்லா உயர்நிலைப் பள்ளிகளையும் பெரிதிலிருந்து சிறிது வரை ஒரே வரிசையில் எழுதும். வரிசையில் இரண்டு இடத்தில் கோடு போடும். மேல் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மல்யுத்தத்தில் பெரிய பிரிவு. இரண்டு கோட்டுக்கும் இடையே நடுப் பிரிவு. கீழே சின்னப் பிரிவு. போன வருடம் கீழ்க்கோடு சரியாக நோர்வினுக்கும் கெஸ்லருக்கும் நடுவே விழுந்தது. நோர்வின் நடுப் பிரிவிலேயே மிகச் சின்னப் பள்ளி ஆனது. ஒன்பது மைல் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெஸ்லர், சின்னப் பிரிவிலேயே மிகப் பெரிய பள்ளி ஆனது.

நோர்வினின் ஏழு பையன்களும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஒருவன் ஐம்பது வினாடி தாக்குப்பிடித்தான், கைகுலுக்கிய நேரத்தையும் சேர்த்து. கெஸ்லரில் ஆறு பேர் தலைநகரில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போனார்கள். கெஸ்லர்காரர்கள் அந்த ஆறு பெயர்களையும் தங்கள் தண்ணீர்த் தொட்டியில் எழுதி வைத்தார்கள். தொட்டி உயரமானது. நோர்வினிலிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது என்றாலும், எழுதியிருக்கிறது என்பது தெரியும்.

வெர்லின் நோர்வின் பள்ளியில் மரவேலை வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக மல்யுத்தக் கோச். மல்யுத்த அறையின் விரிப்பை இன்றுவரை அவர்தான் தன் கையால் துடைக்கிறார். அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. பள்ளிக் குழுவின் தலைவரும் தானியக் கிடங்கின் மேலாளருமான மெர்ல் ஸ்டீக் போன வாரம் காப்பி மேசையில் வைத்துச் சொல்லிவிட்டார்.

"நடனக் குழுவுல இருபத்திரண்டு பேர் இருக்காங்க, வெர்லின். உன்கிட்ட ஒம்பது பேர். இந்தக் குளிர்காலத்துல ஒரு பையனாவது மாநிலப் போட்டிக்குப் போகலைன்னா அறையை அவங்களுக்குக் கொடுத்துடுவோம். மல்யுத்தத்துக்கும் அத்தோட ஒரு கும்பிடு."

மேசையைச் சுற்றி இருந்த விவசாயிகள் இதில் என்ன அநியாயம் என்று கேட்டார்கள். கால்பந்து என்றால் சரி, பதினோரு பேர் வேண்டும். மல்யுத்தத்தில் ஒருத்தனோடு ஒருத்தன்தானே மோதுகிறான்? நூற்று இருபத்தாறு பவுண்டுப் பையன் நூற்று இருபத்தாறு பவுண்டுப் பையனைப் பிடிக்கிறான். எதிராளியின் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாற்காலி இருந்தால் இவனுக்கு என்ன?

வெர்லின் பொறுமையாகப் பதில் சொன்னார். நூற்றைம்பது பேரில் ஒருவனைப் பொறுக்குவதும் ஐந்நூறு பேரில் ஒருவனைப் பொறுக்குவதும் ஒன்றா என்று கேட்டார். தன் அணிப் பையன் காலையில் பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு வருகிறான், பெரிய பள்ளிப் பையனுக்குத் தனியாக ஓட்டக் கோச் இருக்கிறார் என்றார். விவசாயிகள் தலையாட்டினார்கள். அந்த ஊரில் தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. காப்பி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, இரண்டு பிள்ளைகள் குறைந்தாக வேண்டும். குறைந்தால் நோர்வின் நூற்று நாற்பத்தேழு, கெஸ்லருக்குக் கீழே. கோடு தானாகத் தலைக்கு மேலே போய்விடும். சங்கத்தின் வரிசைத் தாளை நொரீன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். வெர்லின் தினமும் அதன் கீழ்க்கோட்டைத்தான் பார்ப்பார். மேல் கோடு இருந்த இடத்தைப் பூசணிக்காய் வடிவக் காந்தம் ஒன்று மறைத்திருந்தது. அதை நகர்த்திப் பார்க்க அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

நொரீன்தான் பள்ளி அலுவலக எழுத்தர். பிள்ளைகளின் கணக்கு அவள் கையில். புருஷனுக்காக ஒரு பெயரை அடிப்பாளா என்றால், மாட்டாள். வெர்லின் கேட்கவும் இல்லை. அவருக்கு வேறு வழி தெரியும். போட்டிக்கு முன்னால் ஒரு பையன் இரண்டு பவுண்டு கூடுதலாக இருந்தால் அவனை ஓடவிட்டு, வியர்க்கவிட்டு, எடை பார்க்கும் நேரத்துக்குச் சரியாக இறக்கிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவனும் தவறியதில்லை. ஒரு பையனை இறக்குவதும் ஒரு பள்ளிக்கூடத்தை இறக்குவதும் ஒரே வேலைதான் என்று அவர் நினைத்தார். பாவம், எடை குறைத்த பையன் மறுநாள் எவ்வளவு சாப்பிடுவான் என்பதை அவர் நினைக்கவில்லை.

மறுநாளே பெக் ஆஸ்ட்ராண்டர் வீட்டு வாசலில் போய் நின்றார். பெக்குக்குப் பதினைந்து வயதில் இரட்டையர்கள். பள்ளியில் நடத்தும் கணக்குப் பாடப்புத்தகம் சரியில்லை என்று இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவள். வெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது நல்ல பழக்கம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

பெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒருத்தர் வந்து என் பக்கம் நியாயம் இருக்குன்னு சொல்றது இதுதான் முதல் தடவை."

வெர்லினுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. கார் வரைக்கும் இருந்தது.

அன்று மாலை நோர்வின் நூற்று நாற்பத்தேழு. ஒன்பது நாள் அவர் நன்றாகத் தூங்கினார். பத்தாம் நாள் காலையில் பெக் அலுவலகத்துக்கு இரட்டையர்களோடு வந்தாள். கூடவே நெட்டையாக ஒரு பெண் நின்றாள்.

"ரெண்டு பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களோட ஒரே சமையலறையில ஒம்பது நாள்" என்றாள் பெக். "நான் அவங்களுக்கு அம்மா, நொரீன். கைதி இல்ல. திரும்பச் சேத்துக்கோ."

"இது யாரு?"

"எங்கக்கா பொண்ணு. நான் வீட்டுல சொல்லிக்கொடுக்கிறேன்னதும் நகரத்துலேர்ந்து இவளையும் அனுப்பி வெச்சுட்டா. இவளையும் எழுதிக்கோ."

நூற்று ஐம்பது. கணக்கெடுப்புக்குப் பன்னிரண்டு நாள்.

அடுத்து வெர்லின் ஹார்லன் டோர்னைப் பிடித்தார். ஹார்லனின் வீடு நோர்வின் எல்லையில், பன்றிக் கொட்டகை கெஸ்லர் எல்லையில். நடுவே ஒரு வேலி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். ஹார்லனுக்கு உயர்நிலை வகுப்புகளில் மூன்று பிள்ளைகள். வெர்லின் வேலியில் சாய்ந்துகொண்டு, ஒரு மனிதன் பகல் முழுவதும் எங்கே இருக்கிறானோ அதுதானே அவன் ஊர் என்று பேச்சை ஆரம்பித்தார்.

ஹார்லன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "பன்னிங்க எங்க இருக்கோ அங்கதான் நான் இருக்கேன்" என்றான். "அது சரிதான். கொட்டகைக் கதவு ஒண்ணு தொங்குது, பாத்தியா?"

வெள்ளிக்கிழமையே மூன்று பிள்ளைகளும் பாலத்தைத் தாண்டினார்கள். மூன்று பிள்ளைகளும் பாலத்தைத் தாண்டினார்கள். நோர்வின் நூற்று நாற்பத்தேழு, கெஸ்லர் நூற்று ஐம்பத்தொன்று. இங்கே இறங்கியது மட்டுமில்லை, அங்கே ஏறியும்விட்டது. இதை முன்னாலேயே யோசிக்கவில்லையே என்று வெர்லின் தன்னையே நொந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல ரோட்னி சாப்பிட வந்தான். ரோட்னி நொரீனின் தம்பி. வெர்லினின் மச்சான். கெஸ்லர் பள்ளியின் மல்யுத்தக் கோச்சும் அவன்தான். இருபது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் மாட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டிருக்கிறான். மல்யுத்தம் பற்றி மட்டும் அந்த மேசையில் பேசக் கூடாது என்பது நொரீனின் சட்டம்.

ரோட்னி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"மச்சான், உன் மேல டோர்ன் வீட்டுப் பன்னி வாடை அடிக்குது."

"எல்லாப் பன்னியும் ஒரே வாடைதான்."

"இல்ல. ஹார்லன் அதுங்களுக்கு ஓட்ஸ் போடுவான். எனக்குத் தெரியும்." ரோட்னி ரொட்டியில் வெண்ணெய் தடவினான். "மூணு பிள்ளைங்க திடீர்னு வந்து நின்னப்பவே நெனச்சேன்."

"மல்யுத்தம் பேசாதீங்க" என்றாள் நொரீன்.

"பன்னியைப் பத்திப் பேசறோம், அக்கா." ரோட்னி வெர்லின் பக்கம் திரும்பினான். "நீ பெரிய ஊர்ப் பசங்ககிட்ட தோக்கறது அநியாயம். சரி. நீ கீழ எறங்கினா உன் எடத்துக்கு நான் ஏறணும். நான் தோக்கறது நியாயமா?"

வெர்லின், போன வருடம் முழுக்கத் தான் தோற்றதாகவும், தண்ணீர்த் தொட்டியில் இடம் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

"முதல்ல பையன் எடையைப் பாத்துப் பிரிச்சீங்க" என்றாள் நொரீன். "அப்புறம் பள்ளிக்கூடத்தோட எடையைப் பாத்துப் பிரிச்சீங்க. இனிமே கோச்சோட மூளையையும் நிறுத்துப் பிரிச்சுட்டா, நீங்க ரெண்டு பேரும் ஒரே பிரிவுல வருவீங்க. குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்க."

ரோட்னி அன்று ஒரு தட்டோடு எழுந்துவிட்டான். அது நல்ல சகுனமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை கெஸ்லரிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்து நோர்வினில் சேர்ந்தார்கள். ஆறு பேரும் ஊதுகுழல்காரர்கள். நோர்வின் பாண்டு வாத்தியார் ஒரு மேதை என்று அவர்களுடைய கோச் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாராம். நோர்வின் பாண்டு வாத்தியாருக்கே இது புதிய செய்தி. அவர் அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

நோர்வின் நூற்று ஐம்பத்து மூன்று. கெஸ்லர் நூற்று நாற்பத்தைந்து.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் எடை குறைப்பதில் ஒரு கட்டம் உண்டு. அதற்கு மேல் ஓடியும் வியர்த்தும் பயனில்லை, சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும். வெர்லின் பள்ளிச் சமையலறைக்குப் போனார்.

சமையல்கார லவோன் வியாழக்கிழமைதோறும் பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரமான சில்லியும், பக்கத்தில் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரொட்டியான சினமன் ரோலும் கொடுப்பாள். ரோல் ஒவ்வொன்றும் பையன்கள் முஷ்டி அளவு. வியாழக்கிழமை அந்தப் பள்ளியில் யாருக்கும் காய்ச்சல் வந்தது கிடையாது.

"அக்டோபர் ஒண்ணு வரைக்கும் மட்டும்" என்றார் வெர்லின். "அந்த ரோலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?"

லவோன் கையைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷமா செய்யறேன். என்ன குறை கண்டே?"

"ஒரு குறையும் இல்ல, லவோன். அதுதான் பிரச்சினை."

லவோன் அவரைப் பார்த்தாள். பிறகு மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கெஸ்லர் பள்ளியில் சமையல் வேலை ஒன்று காலியாக இருந்தது. மறுநாள் காலை அவள் அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாசனை ஒன்பது மைல் வராது. செய்தி வந்துவிட்டது. பதினோரு பிள்ளைகள் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

நோர்வின் நூற்று நாற்பத்திரண்டு. கெஸ்லர் நூற்று ஐம்பத்தாறு. வெர்லின் சந்தோஷமாகப் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தார். ஐந்தாவது பெயரில் நின்றுவிட்டார்.

"ஏசா நிஸ்ஸன் போயிட்டானா?"

ஏசாதான் அவருடைய நூற்று இருபத்தாறு பவுண்டு. மாநிலப் போட்டிக்குப் போகும் தகுதி ஊரில் ஒருவனுக்கு இருந்தது என்றால் அது அவனுக்குத்தான்.

"ஏசா மட்டுமில்ல" என்றாள் நொரீன். "உன் பசங்க அஞ்சு பேர். எடை குறைக்கிறதுக்காக நீதானே அவங்களைப் பட்டினி போடறே? வேற யாரு ரோலுக்குப் பின்னால ஓடுவா?"

அதை யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ரோட்னி திங்கட்கிழமை கெஸ்லர் பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் சரளைக்கல் கொட்டுவதாகச் சொல்லிக் கயிறு கட்டிவிட்டான். அந்தப் பக்கத்துப் பையனிடமிருந்து பெண்ணைப் பிரித்துவிடலாம், பிக்கப் வண்டியைப் பிரிக்க முடியாது. வண்டி வைத்திருந்த பத்துப் பையன்கள் அன்றே நோர்வினில் சேர்ந்தார்கள். நோர்வினில் நிறுத்துமிடம் விசாலமானது. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் ரோட்னியின் சொந்த மல்யுத்தப் பையன்கள் என்பதை அவனும் பிறகுதான் பட்டியலில் பார்த்தான்.

நோர்வின் நூற்று ஐம்பத்திரண்டு. கெஸ்லர் நூற்று நாற்பத்தாறு.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர்வில் பிங்க் அலுவலகத்தில் காப்பி ஊற்றிக்கொண்டே நொரீனிடம் சொன்னார்: "காலையில கெஸ்லர் பிள்ளைங்களை நான் இங்க கொண்டாரேன். நம்ம பிள்ளைங்களை அந்த வண்டி அங்க கொண்டுபோகுது. பாலத்துல நாங்க ரெண்டு பேரும் கையாட்டிக்கறோம். பேசாம நானும் அவனும் வண்டியை மாத்திக்கிட்டா இந்தப் பிள்ளைங்க வீட்டுப் பக்கத்துலயே படிக்கலாம்னு தோணுது."

யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பேருந்து ஓட்டுகிறவர் சொல்வதை எந்த ஊரில் கவனிக்கிறார்கள்? அந்த இரண்டு ஊரும் அதுவரை எதையும் பகிர்ந்துகொண்டதில்லை. பனிக்காலத்தில் நோர்வினின் பனி வாரும் வண்டி பாலத்தின் பாதியில் திரும்பிவிடும். மீதிப் பாதியைக் கெஸ்லர் வண்டி வந்து வார வேண்டும். நடுவே ஒரு முழ உயரத்துக்குப் பனி வரப்பு நிற்கும், மார்ச் வரைக்கும்.

அக்டோபர் முதல் தேதி மதியம் வெர்லின் மறுபடியும் பெக் ஆஸ்ட்ராண்டரின் வாசலில் நின்றார். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. அறை போய்விடும் என்று சொன்னார். இருபத்திரண்டு வருடம் என்று சொன்னார். கணக்குப் புத்தகத்தைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொன்னார்.

பெக் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்போ அன்னைக்கு என் பக்கம் நியாயம் இருக்குன்னு சொன்னது?"

"தெரியாம சொன்னேன். இருந்தாலும் இருக்கலாம்."

எதிரே சோளக்காட்டில் அறுவடை எந்திரம் ஒன்று போய், திரும்பி வந்தது. "ரெட்டைப் பிள்ளைங்களும் அக்கா பொண்ணும் கெஸ்லருக்குப் போகட்டும்" என்றாள் கடைசியில். "லவோன் அங்கதான் இருக்கா. ஆனா தினமும் காலையில நீதான் கொண்டுபோய் விடணும். பேருந்து வர நேரத்துக்கு இதுங்க எழுந்துக்காது."

மூன்று குறைந்தால் நூற்று நாற்பத்தொன்பது. அங்கே நூற்று நாற்பத்தொன்பது. சமம். வெர்லின் மணியைப் பார்த்தார். மூன்று பத்து. காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், பதினோராம் வகுப்பில் இருந்த தன் சொந்த மகள் டெஸ்ஸாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

டெஸ்ஸா எல்லாவற்றையும் கேட்டாள். "என்னையே வெளிய அனுப்பறியாப்பா?"

"ஒம்பது மைல்தாம்மா. மாமா இருக்கான்."

"சரி. ஆனா நான் ரோலுக்காகப் போறேன். உனக்காகப் போனேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே."

அம்மாவின் மேசையில் நின்று அவளே தாளில் கையெழுத்துப் போட்டாள். நொரீன் முத்திரை குத்தினாள். மகளையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. கெஸ்லரின் எழுத்தருக்குத் தொலைபேசியில் நான்கு பெயர்களைப் படித்தாள். நான்கு மணி அடித்தது. நோர்வின் நூற்று நாற்பத்தெட்டு. கெஸ்லர் நூற்று ஐம்பது.

வெர்லின் மல்யுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விரிப்பின் நடுவில் மல்லாந்து படுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த விரிப்பில் அவர் அப்படிப் படுத்தது அதுவே முதல் தடவை. நோர்வின் சின்னப் பிரிவு.

அந்தச் சந்தோஷம் பயிற்சி தொடங்கிய முதல் நாள் வரை நீடித்தது. அன்று நொரீன் சங்கத்தின் விதிப்புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்கு அது தெரிந்த விதிதான். பிள்ளைகளை எண்ணிய அவசரத்தில் மறந்துபோயிருந்தார். பள்ளி மாறிய பிள்ளை தொண்ணூறு பள்ளி நாட்களுக்கு எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது. தொண்ணூறு நாள் முடியும்போது மல்யுத்தப் பருவம் முடிந்து, பையன்கள் வயலில் விதை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எண்ணிப் பார்த்தார். அவருடைய ஒன்பது பேரில் ஐந்து பேர் கெஸ்லரில் ரோல் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோட்னியின் நான்கு பேர் இங்கே பிக்கப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் நான்கு பேர். நால்வரும் நூற்று முப்பத்தெட்டு பவுண்டு. ஓர் எடைக்கு ஓர் ஆள்தான் இறங்க முடியும்.

சின்னப் பிரிவில் தோற்பதற்குக்கூட அவரிடம் ஆள் இல்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பெக்கின் மூன்று பேரையும் டெஸ்ஸாவையும் கெஸ்லரில் விட்டுவிட்டு வருவார். மரவேலை வகுப்பு எடுப்பார். மாலையில் நான்கு நூற்று முப்பத்தெட்டுகளையும் ஒருவரோடு ஒருவர் மோதவிடுவார். நடனக் குழுவின் வாத்தியாரம்மா ஒரு நாள் அளவு நாடாவோடு வந்து, சுவரில் கண்ணாடி பதிக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்னி வந்து அரைத் தட்டு சாப்பிட்டான். அவனுக்கும் ஆறு பேர்தான் மிச்சம். மச்சான்கள் இருவரும் உப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பையன்கள் போன பிறகு, வெர்லின் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓர்வில் பிங்க் பூட்ஸைக் கதவருகே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். அந்த அறையின் மரியாதை தெரிந்தவர்.

"கோச், மெர்ல் உன்னைக் கூப்பிட்டாரா?"

"இல்ல. ஏன்?"

ஓர்வில் சுவரோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். போன வாரம் இரண்டு ஊர்ப் பள்ளிக் குழுவும் லூத்தரன் தேவாலயத்தின் கீழ் அறையில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களாம். காப்பி போட ஆள் இல்லாமல் ஓர்வில்தான் போட்டாராம். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பெற்றோர்களால் பார்க்க முடியவில்லை. பெக் ஆஸ்ட்ராண்டர் எழுந்து, இந்த வெர்லின் தன் வாசலில் நின்றதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு மனிதன் தன் பெண்ணையே அனுப்பிவிட்டான் என்றிருக்கிறாள். லவோன்கூட, குறை ஒன்றும் இல்லை என்றுதானே அவன் சொன்னான் என்றிருக்கிறாள். அவர்கள் பேசப் பேச மெர்ல் ஸ்டீக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம்.

"ஒரு ஒப்பந்தம் போட்டுட்டாங்க" என்றார் ஓர்வில். "இந்த வருஷத்துலேர்ந்து ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஒரே மல்யுத்த அணி. அப்படி இருந்தா அந்தத் தொண்ணூறு நாள் கணக்கு கிடையாதாம். எந்தப் பிள்ளை எங்க படிச்சாலும் எறங்கலாம். சங்கமும் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுடுச்சு. நீதான் கோச். ரோட்னி உனக்குத் துணை. பயிற்சி இங்க, இந்த அறையில."

வெர்லின் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். "நடனக் குழு?"

"அவங்க மேடையிலயே ஆடிக்கறாங்களாம். அங்க வெளிச்சம் நல்லா இருக்குன்னு அந்தம்மாவே சொல்லிடுச்சு."

வெர்லின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மனதில் ஒவ்வோர் எடையாக நிரப்பிப் பார்த்தார். இவருடைய ஒன்பது, ரோட்னியின் பத்து. ஏசா நிஸ்ஸன் நூற்று இருபத்தாறில். தண்ணீர்த் தொட்டியில் பெயர் எழுதப்பட்டவர்களில் நான்கு பேர் இன்னும் படிக்கிறார்கள். எல்லா எடைக்கும் ஆள் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பட்டியலை அவர் எழுதியதே இல்லை. கண்ணைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டார். கிருமிநாசினி நெடி என்றார். ஓர்வில் ஆமாம் என்றார்.

"சின்னப் பிரிவுல இந்த அணியை ஒருத்தனும் தொட முடியாது, ஓர்வில்."

ஓர்வில் மேல்சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். "இது உன் பேருக்கு இன்னைக்கு வந்துச்சு. நொரீன் கொடுக்கச் சொன்னா. தானே கொடுத்தா சிரிச்சுடுவேன்னா."

உள்ளே பூப்போட்ட ஒரு நன்றி அட்டை. நூறு மைல் தள்ளி, வெர்லின் ஒரு தடவைகூடப் போயிராத ஒரு பெரிய ஊரின் மல்யுத்த அணி மொத்தமும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு நடுப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம், எல்லாம் உங்களால்தான், ஆண்டவன் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று எழுதியிருந்தது.

வெர்லின் அதை இரண்டு தடவை படித்தார். "நான் இவங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ஒரே அணின்னா ரெண்டு ஊர்ப் பிள்ளைங்களையும் கூட்டித்தான் எண்ணுவாங்களாம், கோச்" என்றார் ஓர்வில், பூட்ஸை மாட்டிக்கொண்டே. "இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. பெரிய பிரிவுலயே இனிமே நாமதான் ரொம்பச் சின்னவங்க."